அடைக்கலமும் ஆணையும்

வடநாட்டு நகரம் ஒன்றில் நாம் பணிபுரிந்து வந்த காலத்தில், ஒரு மாலை வேளையில், அண்டைக் குடியிருப்பில் வாழ்ந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் மடித்த தாள் ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார். "அண்ணா, இதைக் கோர்ட்டில் கொடுத்தார்கள். இந்தியில் இருக்கிறது. என்னவென்று படித்துச் சொல்லுங்கள்" என்றார். மாஜிஸ்ட்ரேட்டு நீதிமன்றத்தின் முத்திரை பதிந்த தாள் அது. அவருடைய கணவர் அவரை அடித்தல் ஆகாது, அவர் வேலை பார்க்கும் இடத்தை அணுகுதல் ஆகாது, தொலைபேசியின் வாயிலாகவும் அவரோடு தொடர்பு கொள்ளுதல் ஆகாது என்று விலக்கும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையே அது. நான்கு மாதங்களாக அத்தாள் அரிசித் தவலையின் அடியில் இருந்திருக்கிறது. அந்நான்கு மாதங்களில் கணவர் இரு முறை வந்து கதவை இடித்துக் கலகம் செய்து சென்றிருக்கிறார். அவ்வாறு வந்ததே தனியொரு குற்றம் என்பதும், அதன்பொருட்டு அவரைக் காவலர் கைது செய்ய இயலும் என்பதும் அப்பெண்மணிக்குத் தெரியா. சொல்வாரும் இல்லை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அன்று ஓர் உண்மை உறைத்தது. சட்டம் இயற்றப்படுவது ஒன்று. அது ஓர் எளிய மனிதரின் வாயிற்படி வரையில் வந்து சேர்வது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க நம் நாடு எத்தனை ஆண்டுகள் நடந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு நடக்கவேண்டியிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் ஒருவாறு எடுத்துரைப்போம்.

தமிழில் 'அடைக்கலம்' என்ற அரிய சொல் ஒன்று உண்டு. அஞ்சி வந்தவரை ஏற்றுக் காப்பதும், காக்கும் பொறுப்பை ஒருவர் கையில் ஒப்படைப்பதும் ஆகிய இரு பொருளையும் அச்சொல் தாங்கி நிற்கிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கு அதுவே பெயர். அடைக்கலம் என்றால் காக்கப்படுபவர் ஒருவர் வேண்டும். காப்பவர் ஒருவரும் வேண்டும். சட்டத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, நெடுங்காலம் வரை அதில் இவ்விருவரும் இல்லை என்பது புலனாகும்.

அமைதிக்கு ஜாமீன்

வன்செயல் நிகழ்ந்த பின்னர்த் தண்டிப்பது நீதியின் ஒரு பகுதி. நிகழாமல் தடுப்பது அதன் மறு பகுதி. இந்தத் தடுப்பு முறையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. மூன்றாம் எட்வர்டு மன்னரின் காலத்தில், 1361-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, கலகம் விளைவிக்கக் கூடியவர்களிடம் நன்னடத்தைக்குப் பிணை வாங்கும் அதிகாரத்தை அமைதி நீதிபதிகளுக்கு வழங்கியது. ஆங்கிலேயர் நம் நாட்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை 1861-இல் முதன்முறையாகத் தொகுத்தனர். 1872, 1882, 1898 ஆகிய ஆண்டுகளில் அது திரும்பத் திரும்பப் புதுக்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106, 107-ஆம் பிரிவுகள் பொது அமைதிக்குப் பிணை கேட்பதைப் பற்றியவை. முன்னது, அமைதியைக் குலைக்கும் குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரிடம் மூன்றாண்டு வரையில் பிணை கேட்க இடந்தந்தது. பின்னது, குற்றம் நிகழுமுன்னரே, நிகழக்கூடும் என்ற தகவலின் பேரில் ஓராண்டு வரையில் பிணைப்பத்திரம் எழுதி வாங்க இடந்தந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றை அதே எண்களோடு ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையில் இவை 125, 126-ஆம் பிரிவுகளாக நிலவுகின்றன.

இம்முறையால் ஊர்ச் சண்டைகள் பல அடங்கியதுண்டு. ஆயினும், இப்பிணைப்பத்திரம் யாரைக் காக்கிறது என்று வினவினால், விடை வியப்பளிக்கும். அது காப்பது 'பொது அமைதி'யை. அடிபட்டவரின் பெயரைச் சொல்லி, அவர் இருக்கும் வீட்டையும் வேலை செய்யும் இடத்தையும் குறித்து, 'இங்கே நீ வரலாகாது' என்று அது சொல்வதில்லை. பத்திரத்தை மீறினால் பறிமுதலாகும் தொகை அரசாங்கக் கருவூலத்துக்குச் செல்லுமேயன்றி, அடிபட்டவர் கைக்கு வாராது. மேலும், நான்கு சுவர்களுக்குள் நிகழும் கொடுமையைப் பொது அமைதிக்குப் பங்கம் என்று எந்த அதிகாரியும் எளிதில் கருதியதில்லை. தெருவில் இருவர் கைகலந்தால் கலகம். வீட்டில் ஒருவர் மற்றவரை அடித்தால் குடும்ப விவகாரம். நெடுங்காலம் நிலவிய மனப்பான்மை இதுவே.

உரிமையியல் நீதிமன்றத்துக்குச் சென்று தடை உத்தரவு பெறுவது மற்றொரு வழி. 1877-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1963-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு இடமளித்தன. ஆனால், நிலத்தகராறுக்கு ஏற்ற அந்தக் கருவி உயிருக்கு அஞ்சி நிற்பவருக்கு ஏற்றதன்று. தடை மீறப்பட்டால், பாதிக்கப்பட்டவரே மீண்டும் நீதிமன்றம் சென்று, சொத்தை ஜப்தி செய்யும்படியோ, உரிமையியல் சிறையில் வைக்கும்படியோ மனுச்செய்ய வேண்டும். நள்ளிரவில் கதவு இடிபடும்போது அந்த உத்தரவைக் கண்டு காவல் நிலையம் தானே எழுந்து வருவதில்லை.

தண்டனை உண்டு, தங்கும் இடம் இல்லை

சுதந்திரத்திற்குப் பின்னர்ப் பெண்களின் நிலையை உயர்த்தச் சட்டங்கள் பல வந்தன. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், தில்லி முதலிய நகரங்களில் இளம் மனைவியர் தீயில் கருகி மாண்ட செய்திகள் நாட்டை உலுக்கின. மகளிர் இயக்கங்கள் வீதிக்கு வந்தன. அதன் விளைவாக 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கணவனோ அவன் உறவினரோ இழைக்கும் கொடுமை, மூன்றாண்டு வரையில் சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம் ஆயிற்று. 1986-இல் வரதட்சணை மரணம் தனிக் குற்றமாக வகுக்கப்பட்டது.

இவை பெரிய அடிகளே, ஐயமில்லை. ஆயினும் தண்டனைச் சட்டத்தின் இயல்பு, நடந்ததைப் பற்றி விசாரிப்பது. வழக்குப் பதிவாகி, குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சாட்சிகள் வந்து, தீர்ப்பு எழுதப்படும் வரையில் அப்பெண் எங்கே தங்குவாள், எதை உண்பாள், குழந்தைகள் யாரிடம் இருப்பர் என்ற கேள்விகளுக்கு அதில் விடையில்லை. புகார் கொடுத்த அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர் பலர். கணவன் சிறை செல்லவேண்டும் என்று அவர்கள் விரும்பவில்லை. அடி நிற்கவேண்டும், கூரை நிலைக்கவேண்டும் என்றே விரும்பினர். அதற்கு உரிய கருவி சட்டப் பெட்டகத்தில் இல்லை.

பிற நாடுகள் அக்கருவியை முன்னரே செய்து பார்த்திருந்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலமும் இங்கிலாந்தும் 1976-ஆம் ஆண்டிலேயே, வீட்டு வன்முறையிலிருந்து காக்கும் ஆணைகளுக்கெனச் சட்டம் இயற்றின. 1985 நவம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு நீதி வழங்குவதற்கான அடிப்படைக் கோட்பாடுகளை அறிவித்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகள் அனைத்தையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 1993-இல் ஏற்று உறுதி செய்தது.

2005-ஆம் ஆண்டுச் சட்டம்

நம் நாட்டிலும் ஒரு சட்டம் வேண்டும் என்று மகளிர் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் தொண்ணூறுகள் முழுவதும் வற்புறுத்தி வந்தனர். 2002 மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் மசோதா ஒன்றை மக்களவையில் கொணர்ந்தது. ஆனால் அதைப் படித்தவர்கள் திகைத்தனர். வழக்கமாக அடிப்பவனே கொடுமை இழைப்பவன் என்று அதன் ஒரு பகுதி பொருள்பட்டது. தன்னையோ, தன் அல்லது பிறர் சொத்தையோ காத்துக்கொள்ள நியாயமான முறையில் நடந்துகொண்டதாகக் காட்டினால், கணவன் தப்பிக்கொள்ள மற்றொரு பகுதி வழிவிட்டது. எனவே, ஒரு முறை அடித்தால் குற்றமில்லை. சொத்துக்காக அடித்தாலும் குற்றமில்லை என்று ஆகிவிடும் அபாயம் இருந்தது. எதிர்ப்பு எழுந்தது. மசோதா பாராளுமன்ற நிலைக்குழுவுக்குச் சென்றது. 2004-இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதி ஆயிற்று. ஒரு நல்ல சட்டத்திற்காகத் தீய மசோதா ஒன்றை மறுத்து, மேலும் மூன்றாண்டு காத்திருக்கும் துணிவு அன்று அவ்வியக்கத்தாரிடம் இருந்தது. நாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 செப்டம்பர் 13-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்றது. 2006 அக்டோபர் 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உடலைத் தாக்குதல் மட்டுமன்றி, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் வதைத்தல், பொருள் வழங்காது வாட்டுதல் ஆகியவற்றையும் அது வன்முறை என்று வகுத்தது. மனைவியேயன்றித் தாய், சகோதரி, திருமணத்தை ஒத்த உறவில் வாழ்பவர் ஆகியோரும் அதன் காப்புக்கு உரியராயினர்.

இச்சட்டத்தின் உயிர்நிலை 18-ஆம் பிரிவு. அதுதான் பாதுகாப்பு ஆணையைப் பற்றியது. வன்முறை செய்யாதே, பிறரைக் கொண்டு செய்விக்காதே, அவள் வேலை செய்யும் இடத்துக்குச் செல்லாதே, குழந்தையின் பள்ளிக்குச் செல்லாதே, நேரிலோ எழுத்திலோ மின்கருவிகளின் வழியாகவோ தொடர்பு கொள்ளாதே, இருவருக்கும் பொதுவான சொத்தை விற்காதே, வங்கிக் கணக்கையும் பெட்டகத்தையும் தொடாதே, அவளுக்கு உதவி செய்தவர்களையும் உறவினரையும் துன்புறுத்தாதே என்று மாஜிஸ்ட்ரேட்டு கட்டளையிடலாம். 19-ஆம் பிரிவு, வீட்டில் வாழும் உரிமையைக் காக்கிறது. நெருக்கடி மிகுந்தபோது, எதிர்மனுதாரர் வருமுன்னரே, பெண்ணின் பிரமாண வாக்குமூலத்தை மட்டும் கொண்டு இடைக்கால ஆணை பிறப்பிக்க 23-ஆம் பிரிவு இடந்தருகிறது. மனுவின் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் நடைபெறவேண்டும். அறுபது நாட்களுக்குள் முடிவு காண முயலவேண்டும்.

பழைய பிணைப்பத்திரத்திற்கும் இவ்வாணைக்கும் உள்ள வேற்றுமை 31-ஆம் பிரிவில் தெரிகிறது. ஆணையை மீறுவது தானே ஒரு குற்றம். ஓராண்டு வரையில் சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அக்குற்றத்திற்குப் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைப்பதன்று. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றே போதும் என்று நீதிமன்றம் முடிவு செய்யவும் சட்டம் வழிவிடுகிறது. இங்கிலாந்தும் மீறலைக் குற்றமாக்கியது 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் என்பதை நோக்க, நம் சட்டம் முதற்பிறப்பிலேயே பல்லோடு பிறந்த குழந்தை எனலாம்.

காப்பவர் ஒருவரையும் இச்சட்டம் படைத்தது. மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் நியமிக்கப்பட வேண்டும். அவரே அறிக்கை எழுதி, நீதிமன்றத்திற்கு உதவி, சட்ட உதவியும் மருத்துவமும் தங்குமிடமும் கிடைக்கச் செய்து, ஆணை நிறைவேறுவதைக் கண்காணிக்க வேண்டியவர். அடைக்கலத்திற்கு வேண்டிய இருவரும் இவ்வாறு முதன்முறையாகச் சட்டத்தின் பக்கங்களில் வந்து நின்றனர்.

வீடு யாருடையது?

சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு திங்கள் நிறையுமுன் அதற்கு ஒரு சோதனை வந்தது. 2006 டிசம்பர் 15-ஆம் நாள், பத்ரா குடும்ப வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாமியாருக்குச் சொந்தமான வீடு மருமகளுக்குப் 'பகிர்ந்து வாழும் இல்லம்' ஆகாது. கணவனுக்குச் சொந்தமானதோ, அவன் வாடகைக்கு எடுத்ததோ, அவன் உறுப்பினனாயுள்ள கூட்டுக் குடும்பத்திற்கு உரியதோ ஆன வீட்டில்தான் அவள் உரிமை கோரலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் நாட்டில் இளம் தம்பதியர் பெரும்பாலும் பெற்றோரின் வீட்டிலேயே வாழ்கின்றனர். ஆகவே அத்தீர்ப்பு, சட்டம் கொடுத்த கூரையைப் பலருக்கு எடுத்துவிட்டது. பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர், 2020 அக்டோபர் 15-ஆம் நாள், சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கியது. வீடு கணவனின் உறவினர் பெயரில் இருப்பினும், அங்கே அவள் குடித்தனம் நடத்தி வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழும் இல்லமே என்று தெளிவாயிற்று. 2022 மே மாதத்தில் பிரபா தியாகி வழக்கில், வன்முறை நிகழ்ந்த காலத்தில் அவள் அவ்வீட்டில் உண்மையில் தங்கியிருந்திராவிட்டாலும் உரிமை அழியாது என்றும், பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லை என்ற காரணத்தால் மனு நின்றுவிடாது என்றும் நீதிமன்றம் கூறியது.

இடையில், 2016 அக்டோபரில், 'வயது வந்த ஆண்' மீது மட்டுமே மனுச்செய்யலாம் என்றிருந்த வரம்பில் அச்சொற்களை உச்ச நீதிமன்றம் நீக்கியது. கொடுமை எந்தக் கையிலிருந்து வந்தாலும் கொடுமையே என்ற எளிய நியாயம், சட்டத்தில் இடம்பெறப் பத்தாண்டுகள் பிடித்தன.

தாளும் துணையும்

ஆணை கையில் இருந்தும் உயிர் போன கதை ஒன்றை இங்கே சொல்லாமல் மேற்செல்ல இயலாது. ஹரியானாவின் கைத்தல் மாவட்டத்துக் கரோரா கிராமத்தில், ஒரே கோத்திரத்தைச் சேர்ந்த இளைஞனும் பெண்ணும் 2007-இல் மணம் செய்துகொண்டனர். கிராமப் பஞ்சாயத்து அதை ஏற்கவில்லை. இருவரும் நீதிமன்றத்தில் தோன்றி, தம் விருப்பத்தின்படியே மணந்ததைச் சொன்னார்கள். அவர்களுக்குக் காவலர் பாதுகாப்பு அளிக்கும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. காவலரும் உடன் சென்றனர். ஆனால் வழியிலேயே விலகிவிட்டனர். ஜூன் 15-ஆம் நாள், பயணம் செய்த பஸ்ஸிலிருந்து இருவரும் இறக்கிக் கடத்தப்பட்டனர். சில நாட்களுக்குப் பின் கால்வாயில் அவர்கள் உடல்கள் கிடைத்தன. 2010 மார்ச்சில் கர்னால் செஷன்ஸ் நீதிமன்றம் உறவினர் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டில் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை நீக்கியது. தண்டனை எதுவாயினும் மாண்டவர் மீளவில்லை. நீதிமன்றம் செய்யவேண்டியதைச் செய்தது. ஆணைக்கும் உயிருக்கும் இடையே நிற்கவேண்டியவர்தாம் விலகிச் சென்றனர்.

2006 ஜூலையில் லதா சிங் வழக்கில், சாதி கடந்து மணந்த வயதுவந்தோரை எவரும் துன்புறுத்தாதபடி காப்பது நாடெங்கும் காவல்துறையின் கடமை என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2011 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், வடக்கின் காப் பஞ்சாயத்துகளையும் தெற்கின் கட்டப் பஞ்சாயத்துகளையும் ஒரே தட்டில் வைத்து அது கண்டித்தது. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில், இத்தகைய தம்பதியருக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லங்களும் தனிப்பிரிவுகளும் அமைக்க வழிகாட்டியது. கடமையில் தவறும் அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் கூறியது. கரோரா கற்பித்த பாடம் இவ்வாறு மெல்ல எழுத்தில் ஏறியது.

சாட்சியின் அச்சம்

வன்குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் வழக்கின் முதற் சாட்சியும் ஆவார். அவர் அஞ்சினால் வழக்கே சாயும். 2002 மார்ச்சு முதல் நாள் வடோதராவில் பெஸ்ட் பேக்கரி எரிக்கப்பட்டுப் பதினால்வர் மாண்டனர். 2003 ஜூனில் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 21 பேரையும் விடுவித்தது. சாட்சிகள் பலர் பிறழ்சாட்சிகளாகிவிட்டனர். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணை நடத்தக் கட்டளையிட்டது. சாட்சிகளைக் காப்பது அரசின் கடமை என்பதை அத்தீர்ப்பு உரக்கச் சொன்னது. சட்டக் கமிஷன் 2006-இல் தன் 198-ஆம் அறிக்கையைச் சாட்சிகளின் பாதுகாப்புக்கே ஒதுக்கியது. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தே, 2018 டிசம்பர் 5-ஆம் நாள், சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்று, பாராளுமன்றம் சட்டம் இயற்றும் வரையில் இதுவே நாடெங்கும் சட்டமாகும் என்று ஆணையிட்டது.

அத்திட்டத்தின்படி மாவட்டந்தோறும் மாவட்ட நீதிபதியின் தலைமையில் ஒரு குழு உண்டு. அச்சுறுத்தலின் அளவைக் காவல்துறை ஆராய்ந்து அறிக்கை தருகிறது. அச்சுறுத்தல் மூவகையாகப் பிரிக்கப்படுகிறது. வீட்டருகே ரோந்து, நீதிமன்றத்திற்கு அழைத்துச் செல்ல அரசாங்க வாகனம், எதிரியும் சாட்சியும் நேருக்கு நேர் காணாத ஏற்பாடு, இடமாற்றம், மிக அரிய நிலையில் பெயரையும் அடையாளத்தையும் மாற்றுதல் ஆகிய வழிகள் கூறப்பட்டுள்ளன. ஒரு பாதுகாப்பு ஆணை ஒரு முறைக்கு மூன்று மாதம் வரையில் செல்லும், தேவைக்கேற்ப நீட்டிக்கலாம். இப்பொழுது பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் வகுத்து அறிவிக்கவேண்டும் என்று விதிக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும், 2016 ஜனவரி முதல், பாதிக்கப்பட்டவரையும் சாட்சிகளையும் அச்சுறுத்தலிலிருந்து காப்பதற்கெனத் தனி அத்தியாயம் உள்ளது.

ஜாமீன் வழங்கும் வேளையும் பாதுகாப்புக்கு உரிய வேளையே. 2020 ஜூலையில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணை மானபங்கம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் அளித்தபோது, ரக்ஷாபந்தன் நாளில் அவர் இனிப்புடன் அப்பெண்ணின் இல்லம் சென்று, தமக்கு ராக்கி கட்டுமாறு வேண்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அஞ்சி நிற்பவளின் வாயிலுக்கு அச்சத்தின் காரணத்தையே அனுப்பிவைத்த நிபந்தனை அது. 2021 மார்ச்சு 18-ஆம் நாள், அபர்ணா பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. அத்துடன் நில்லாமல், அச்சுறுத்தலுக்கு இடமுள்ள வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பைத் தனியே ஆராய்ந்து ஆணையிட வேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவர் அவரோடு எத்தொடர்பும் கொள்ளக் கூடாது என்று கட்டளையிட வேண்டும், ஜாமீன் அளித்த செய்தியை அவருக்கு உடனே தெரிவித்து, இரண்டு நாட்களுக்குள் ஆணையின் நகலைக் கொடுக்கவேண்டும் என்றும் வழிகாட்டியது.

இனிச் செய்யவேண்டுவன

இத்தனை வளர்ச்சி கண்டும் குறைகள் மறையவில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களுள், 18 முதல் 49 வரை வயதுடையோரில், 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். வன்முறைக்கு ஆளானோருள் உதவி நாடியவர்கள் 14 சதவீதமே. நூற்றுவருள் எண்பத்தறுவர் யாரிடமும் உதவி கேட்கவில்லை என்றால், ஆணை எழுதும் பேனா அவர்களை எவ்வாறு எட்டும்?

பாதுகாப்பு அலுவலர் பதவி பல இடங்களில் வேறு அலுவல் உள்ள ஒருவரின் தலைமீது ஏற்றப்பட்ட கூடுதற் சுமையாயிற்று. 2025 மே மாதத்தில்கூட, மகளிர், குழந்தைகள் நலத்துறை அலுவலர்களை அடையாளங்கண்டு இப்பதவியில் நியமிக்குமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் கட்டளையிட வேண்டியதாயிற்று. மீறலுக்குரிய தண்டனையும் 2005-இல் எழுதியபடியே நிற்கிறது. 31-ஆம் பிரிவு பாதுகாப்பு ஆணையை மட்டுமே குறிப்பதால், வீட்டு உரிமை ஆணையையும் பண உதவி ஆணையையும் மீறுவது அதன் கீழ் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்களிடையே கருத்து வேற்றுமை நிலவுகிறது. குடும்ப உறவு இல்லாத ஒருவன் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து அச்சுறுத்தினால், அவளுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உதவாது. பின்தொடர்தல் 2013 முதல் குற்றமே. ஆயினும், 'நெருங்காதே' என்று விலக்கும் ஆணையை அவள் நேரே கேட்டுப் பெறுவதற்கு அந்தத் தண்டனைப் பிரிவில் வழியில்லை. ஜாமீன் நிபந்தனையையோ, பழைய பிணைப்பத்திரத்தையோ நம்பியே அவள் நிற்கிறாள்.

ஆகவே வலுப்படுத்துதல் என்பது தண்டனையின் ஆண்டுகளைக் கூட்டுவது மாத்திரம் அன்று. முழுநேரப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும். ஆணையின் நகல் அன்றே காவல் நிலையத்தின் பதிவேட்டில் ஏறவேண்டும். மீறல் எது என்பதில் மயக்கம் நீங்கவேண்டும். உறவினரல்லாதார் இழைக்கும் அச்சுறுத்தலுக்கும் இதே காப்பு நீளவேண்டும். அனைத்திற்கும் மேலாக, ஆணை அதைப் பெறுபவருக்கு விளங்கும் மொழியில் அவரிடம் சேரவேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இக்கடைசிச் செய்தி சிறப்பாக உரியது. பிறந்த ஊர் தொலைவில் இருக்கிறது. தாய்வீட்டார் ஓர் இரவில் வந்து சேர இயலாது. காவல் நிலையத்தின் மொழி நம் மொழியன்று. இதனை நன்கு அறிந்தது போலச் சட்டம் 27-ஆம் பிரிவை வகுத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நிலையாகத் தங்கும் ஊரில் மட்டுமன்றித் தற்காலிகமாகத் தங்கும் ஊரிலும், வேலை செய்யும் ஊரிலும் மனுச்செய்யலாம். நாக்பூரில் அடிபட்டவர் திருநெல்வேலியில் தாய்வீட்டிலிருந்து மனுச்செய்யலாம். அவ்வாணை நாக்பூரிலும் செல்லும். ஏனெனில், இச்சட்டத்தின் கீழ்ப் பிறந்த ஆணை இந்தியா முழுவதிலும் செயற்படத்தக்கது. ஆணையின் நகலைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்று 24-ஆம் பிரிவு கூறுகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். 181 என்ற எண் மகளிர் உதவிக்கு உரியது. அண்டை வீட்டில் கொடுமை நிகழ்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது வழக்கு வாராது என்று 4-ஆம் பிரிவு உறுதி அளிக்கிறது.

இந்தி வழங்கும் மாநிலங்களில் வாழ்வோர் மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்வது நலம். 'கரேலூ ஹிம்சா' என்பது குடும்ப வன்முறை. 'சம்ரக்ஷண் ஆதேஷ்' என்பது பாதுகாப்பு ஆணை. 'சம்ரக்ஷண் அதிகாரி' என்பவர் பாதுகாப்பு அலுவலர். சட்டத்தின் இந்திப் பாடத்தில் பாதிக்கப்பட்டவரைக் குறிக்க 'வ்யதித் வ்யக்தி' என்ற தொடர் வருகிறது; 'நோவுற்றவர்' என்பது அதன் பொருள். எத்தனையோ சட்டச் சொற்களை மொழிபெயர்த்த நமக்கு, ஒரு மனிதரின் வலியைத் தன் பெயரிலேயே ஏற்றுக்கொண்ட சட்டச் சொல்லாக இது படுகிறது.

அன்று மாலை அத்தாளை நாம் வரி வரியாகத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். மறுநாள் காலை அப்பெண்மணி, நம் இல்லத்தாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இரு தாள்களையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் சென்றார். முதலில் நாளைக்கு வரச்சொன்னார்களாம். ஆணையை மீறுவது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்ற வரியை அவர் விரலால் சுட்டிக் காட்டவே, புகாரை எழுதிக்கொண்டார்கள். பிறகு அத்தாள் அரிசித் தவலைக்குத் திரும்பவில்லை. அவர் கைப்பையிலேயே இருந்தது.